பிள்ளைங்களை ட்ராக் பண்ற ஆப்: 11 மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதறேன், 5க்கு 2

ஆப் பேரு சொல்லப் போறதில்லங்க. இந்த ரகத்துல இருக்கற எல்லா ஆப்பும் கிட்டத்தட்ட ஒரே வேலையத்தான் பண்ணுது, ஒண்ணோட பேரச் சொன்னா நீங்க அடுத்த ஆப்புக்கு ஓடுவீங்க, அவ்ளோதான். நான் ஏன் எழுதறேன்னா, இத வாங்கறதுக்கு முன்னாடி நான் படிச்ச ரிவ்யூ எல்லாமே இன்ஸ்டால் பண்ணி ரெண்டாவது நாள் எழுதுனது. "மனசுக்கு நிம்மதியா இருக்கு, 5 ஸ்டார்"னு போட்டிருப்பாங்க. ரெண்டாவது நாள் எனக்கும் நிம்மதியாத்தான் இருந்துச்சு. பதினோராவது மாசம் எப்படி இருக்கும்னு ஒருத்தரும் எழுதல. கொஞ்சம் பெருசா போகும், பொறுமை இருந்தா படிங்க.

பையனுக்கு 15 முடியப் போகுது. நல்ல பையன். எல்லா அம்மாவும் இதத்தான் சொல்லுவாங்கன்னு எனக்கும் தெரியும். போன வருஷம் ஒரு புது செட்டு சேந்துச்சு, இவனையும் சேத்து 4 பேர். அதுக்கப்புறம் பேச்சுல புதுசா நாலஞ்சு வார்த்தை வந்துச்சு, சிரிப்பே மாறிடுச்சு, அந்தச் செட்டுல ஒருத்தன் மூக்கால சிரிப்பான், இவனும் அதே மாதிரி மூக்கால சிரிக்க ஆரம்பிச்சான். ரூம் கதவு எப்பவும் சாத்தியே இருக்கும். எங்கடா போனன்னு கேட்டா "சும்மா". என்னடா பண்ணுனீங்கன்னு கேட்டா "சும்மா". அந்த சும்மாதாங்க என்னை இந்த ஆப்ப வாங்க வச்சது. வீட்டுக்காரர்கிட்ட சொன்னா "நாங்கல்லாம் பண்ணாததா, விடு"ன்னார். அவரு அந்த வயசுல என்னல்லாம் பண்ணுனாருன்னு மாமியார் எங்கிட்ட உக்காந்து கதை கதையா சொல்லியிருக்காங்க, அதனாலயே என்னால விட முடியல.

இன்ஸ்டால் பண்றது ஈஸி, 10 நிமிஷம். அவன் ஃபோன்ல ஒரு ஆப், என் ஃபோன்ல ஒரு ஆப். போடும்போதே ஒரு இடத்துல கேக்கும், பிள்ளைக்குத் தெரியற மாதிரி வைக்கவா, ஐகான் மறைச்சு வைக்கவான்னு. நான் மறைக்கல, ஆனா அதவிட மோசமா ஒண்ணு பண்ணுனேன். அவங்கிட்ட "லொகேஷன் மட்டும்தான்டா, வேற ஒண்ணும் பாக்க மாட்டேன்"னு சொல்லிட்டு எல்லா பட்டனையும் ஆன் பண்ணி வச்சேன். மெசேஜ், எந்த ஆப் எவ்ளோ நேரம், எந்த சைட், எல்லாம். இதோட விளைவு பின்னாடி வருது.

லொகேஷன்ல இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா இதுக்காகத்தான் முக்காவாசி பேர் வாங்கறாங்க. மேப்ல ஒரு நீலப் புள்ளி. அதுதான் உங்க பிள்ளை. வீடு, ஸ்கூல், ட்யூஷன்னு இடத்த நீங்க வட்டம் போட்டு வச்சுட்டா உள்ள போகும்போது வெளிய வரும்போது டிங்னு ஒரு அலர்ட். வட்டம் போட்ட இடத்துல இருந்தா பேருக்குப் பக்கத்துல பச்சை டிக் வரும். ஒரு தெரு தள்ளிக் காட்டும் சில நேரம், மத்தபடி சரியாத்தான் காட்டுது. பேட்டரிய உறிஞ்சும், அது அவனுக்கு வசதியாப் போச்சு, "சார்ஜ் இல்லம்மா"ங்கறது உண்மையா பொய்யான்னு கண்டுபிடிக்கவே முடியாது. முதல் மாசம் நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்தப் புள்ளியப் பாத்தேன்னு எனக்கே கணக்கில்ல, அடுப்புல ஏதாவது வச்சுட்டு பாப்பேன், ஆபீஸ் மீட்டிங்ல மேஜைக்குக் கீழ ஃபோன வச்சுட்டு பாப்பேன். பையனுக்கு ஃபோன் அடிக்ஷன்னு திட்டிட்டு இருந்தவ நானு.

ஒரு சனிக்கிழமை ராத்திரி. புள்ளி அவன் ஃப்ரெண்டு வீட்டுல. அந்த வீட்டுக்கும் வட்டம் போட்டு வச்சிருந்தேன், பச்சை டிக். 9 மணிக்குப் பாத்தேன், பச்சை டிக். 9:40க்குப் பாத்தேன், பச்சை டிக். 10:20க்கு அந்த ஃப்ரெண்டோட அம்மா ஃபோன் பண்றாங்க, "அக்கா பதறாதீங்க, பசங்க பைக்ல இருந்து விழுந்துட்டாங்க, எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க". நான் ஸ்பீக்கர்ல பேசிக்கிட்டே ஆப்ப பாக்கறேன், இன்னும் பச்சை டிக். அவன் ஃபோன் அந்த வீட்டு சோஃபா பக்கத்துல சார்ஜ்ல தொங்கிட்டு இருந்திருக்கு. அவன் இன்னொரு பையனோட அண்ணன் பைக்ல, ஒரே பைக்ல 3 பேரு, ஹெல்மெட் கிடையாது, ஓட்டுனவனுக்கே 16, ஆள் இல்லாத ரோட்டுல போய்ட்டு வந்து போய்ட்டு வந்து கடைசி திருப்பத்துல சறுக்கியிருக்காங்க. நாலாவது பையன் ரோட்டோரம் நின்னு வீடியோ எடுத்திருக்கான். ஓட்டுனவனுக்குக் காலர் எலும்பு முறிவு. எம் பையனுக்கு முழங்கையில இருந்து மணிக்கட்டு வரைக்கும் தோல் உரிஞ்சு மண்ணு ஒட்டிக் கெடந்துச்சு, நர்ஸ் அதக் கழுவும்போது கத்தாம பல்லக் கடிச்சுட்டு இருந்தான், ஏன்னா கதவுகிட்ட மத்த ரெண்டு பேரும் நின்னுட்டு இருந்தாங்க. அவனுங்க போனதுக்கு அப்புறம்தான் அழுதான்.

இந்த ஒரு விஷயம் எனக்கு ரொம்ப நாள் மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு. வலிகூட ஃப்ரெண்ட்ஸ் இருந்தா ஒரு மாதிரி, இல்லன்னா ஒரு மாதிரியா?

வீட்டுக்கு வந்து கேட்டேன், "யாருடா உன்னை ஏறச் சொன்னா?" "யாரும் சொல்லலம்மா." "ஏறலன்னா கிண்டல் பண்ணுவாங்கன்னு ஏறுனியா?" "இல்லம்மா, யாரும் ஒண்ணும் சொல்லல." "விழுந்தா என்னாகும்னு தெரியாதா?" "தெரியும்மா." பொய் சொல்றான்னு நெனச்சேன், செம்மயா திட்டுனேன். அப்புறம் தூக்கம் வராம படிக்க ஆரம்பிச்சப்பதான் அவன் சொன்னது அத்தனையும் உண்மையா இருக்கலாம்னு புரிஞ்சுச்சு.

2005ல கார்ட்னர், ஸ்டைன்பர்க்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 306 பேர வச்சு ஒரு வீடியோ கேம் மாதிரி ஒண்ணு பண்ணியிருக்காங்க. 13ல இருந்து 16 வயசு ஒரு க்ரூப், 18ல இருந்து 22 ஒரு க்ரூப், 24க்கு மேல ஒரு க்ரூப். ஸ்க்ரீன்ல கார் போகுது, சிக்னல் மஞ்சளாகுது, எவ்ளோ நேரம் நிறுத்தாம போறீங்களோ அவ்ளோ பாயிண்ட், ஆனா எந்த நிமிஷமும் முட்டிக்கலாம், முட்டுனா பாயிண்ட் போச்சு. பாதிப் பேரு தனியா விளையாடுனாங்க, பாதிப் பேரு ரெண்டு ஃப்ரெண்ட்ஸ கூட வச்சுட்டு. பெரியவங்களுக்கு ஃப்ரெண்ட்ஸ் இருந்தாலும் இல்லன்னாலும் ஒண்ணுதான். சின்னப் பசங்க ஃப்ரெண்ட்ஸ் இருக்கும்போது கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ரிஸ்க் எடுத்திருக்காங்க. தனியா ஓட்டும்போது அவங்களும் பெரியவங்க மாதிரிதான் ஓட்டுனாங்க, அதான் இதுல பாயிண்டே.

சரி, ஃப்ரெண்ட்ஸ் உசுப்பேத்தி விட்டிருப்பாங்கன்னு நீங்க சொல்லலாம். 2011ல அதே ஸ்டைன்பர்க் டீம், செயின்ங்கறவர் முன்ன நின்னு பண்ணுனது, அதே மாதிரி டிரைவிங் கேம மூளை ஸ்கேன் மெஷினுக்குள்ள படுக்க வச்சு விளையாட வச்சாங்க. ஃப்ரெண்ட்ஸ் பக்கத்து ரூம்ல மானிட்டர்ல பாக்கறாங்க. பாக்கறாங்கன்னு தெரிஞ்சதுக்கே பரிசு கெடைக்கும்போது துள்ளற மூளைப் பகுதி டீன் ஏஜ் பசங்களுக்கு அதிகமா வேலை செஞ்சிருக்கு, ரிஸ்க்கும் அதிகமா எடுத்திருக்காங்க, பெரியவங்களுக்கு அப்படி ஆகல. இதவிட கூத்து, 2014ல எலிய வச்சே பண்ணியிருக்காங்க. இளவட்ட எலி கூட்டாளி எலிகளோட இருந்தா தனியா இருக்கறதவிட அதிகமா சாராயம் குடிக்குதாம், வயசான எலி குடிக்கலயாம். எலி எலிகிட்ட போயி "நீயெல்லாம் ஒரு எலியா, குடிச்சுக் காட்டுடா"ன்னு சொல்லியிருக்காதில்ல.

அதனாலதான் "யாரும் சொல்லலம்மா". ரோட்டோரம் ஒருத்தன் வீடியோ எடுத்துட்டு நின்னானே, அது போதும். இப்ப ஆப்புக்கு வாங்க. என் பையன் எங்க இருக்கான்னு அதுக்குத் தெரியும், ஃபோன் கையில இருந்தா. அவன யாரு பாத்துட்டு நிக்கறாங்கன்னு அதுக்குத் தெரியவே தெரியாது. நான் 11 மாசம் காசு கட்டி வாங்குனது தப்பான கேள்விக்கு சரியான பதில்.

இங்கயே இன்னொண்ணும் சொல்லிடறேன், இத படிச்சப்ப எனக்குக் கன்னத்துல அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. ஸ்வீடன்ல ஸ்டாட்டின், கெர்னு ரெண்டு பேர் 14 வயசுப் பிள்ளைங்களையும் அவங்க பெத்தவங்களையும் வச்சுப் பண்ணுன ஆராய்ச்சி, 2000ல வந்தது. பிள்ளை எங்க போறான், யாரோட சுத்தறான்னு நல்லாத் தெரிஞ்சு வச்சிருக்கற வீட்டுப் பிள்ளைங்க கம்மியாத்தான் வம்புல மாட்டறாங்கன்னு அதுக்கு முன்னாடியே எல்லாருக்கும் தெரியும், அதனால "நல்லா கண்காணிங்க"ன்னு சொல்லிட்டு இருந்தாங்க. இவங்க என்ன கேட்டாங்கன்னா, அந்தப் பெத்தவங்களுக்கு அது எப்படித் தெரிஞ்சுச்சு? பாத்தா, வேவு பாத்தோ கட்டுப்பாடு போட்டோ தெரிஞ்சுக்கிட்டது கொஞ்சம்தான், பெரும்பாலும் பிள்ளையே தானா வந்து சொன்னது. நான் என்ன பண்ணுனேன்? "சும்மா"ன்னாவது பதில் சொல்லிட்டு இருந்த பையன, அதையும் சொல்லத் தேவையில்லாத மாதிரி ஆக்கிட்டேன். மூணாவது மாசத்துல எங்கடா போனன்னு கேட்டா அவன் சொன்ன பதில்: "அதான் ஆப்ல பாத்திருப்பியே."

அடுத்தது மெசேஜ் அலர்ட். இதுக்கு நான் ஸ்டார் கொடுக்கற மாதிரி இருந்தா மைனஸ்ல கொடுப்பேன். கெட்ட வார்த்தை, ஆபத்தான வார்த்தை வந்தா நமக்கு அலர்ட் வருமாம். முதல்ல, நம்ம பசங்க தமிழ இங்கிலீஷ் எழுத்துல அடிக்கறாங்க, அதுலயும் பாதி எழுத்த முழுங்கிட்டு அடிக்கறாங்க, அது ஆப்புக்குச் சுத்தமா புரியல. புரிஞ்ச கொஞ்சத்துலயும் பாருங்க, பரீட்சைக்கு முந்துன நாள் "செத்தேன்டா"ங்கற ஒரே வார்த்தைக்கு எனக்கு 14 சிவப்பு அலர்ட். கேம் விளையாடும்போது "அவன கொல்லு கொல்லு"ன்னதுக்கு ஒரு அலர்ட், அத ஆபீஸ்ல பாத்துட்டு கை நடுங்கிடுச்சு எனக்கு.

பைக் விஷயம் நடந்த அன்னிக்கு அந்த க்ரூப்ல என்ன பேசியிருக்காங்கன்னு அப்புறம் நான் மேல போயி பாத்தேன். ஒரு கெட்ட வார்த்தை இல்ல. "9 மணிக்கு வா". "அண்ணன் வெளிய போயிருக்கான்". "சாவி எங்க இருக்குன்னு தெரியும்". அப்புறம் வரிசையா சிரிப்பு பொம்மை. "நீ வரல?" அவ்ளோதான். "நீ வரல?"ங்கறதுல எந்த வார்த்தைய பிடிக்கும் ஆப்பு? அந்த ரெண்டு வார்த்தை என் பையன வீட்ட விட்டுக் கெளப்பிருக்கு, அதுக்கு அலர்ட் கிடையாது.

இன்னொண்ணு கவனிச்சேன், படிக்கக் கூடாததுதான், படிச்சுட்டேன். அந்த க்ரூப்ல ஒருத்தன் கணக்குப் பரீட்சை பத்தி ஏதோ கேட்டிருக்கான், எல்லாரும் பாத்திருக்காங்க, ஒருத்தரும் பதில் போடல. அடுத்து ஒருத்தன் வாட்ச்மேன ஏமாத்தி சுவர் ஏறிக் குதிச்ச கதைய போட்டிருக்கான், 20 செகண்டுல மூணு பேரும் சிரிப்பு. ஒழுங்கா பேசுனா சத்தமே இல்ல, கோணலா பேசுனா கைதட்டல். இதுக்கு ஒரு பேரே இருக்குங்க, "டீவியன்சி ட்ரெயினிங்", அதாவது கோணலாப் போகப் பழக்கறது. டிஷன்னு அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சியாளர், 1990கள்ல 13, 14 வயசுப் பசங்களையும் அவங்க ஃப்ரெண்டையும் உக்கார வச்சு பேசவிட்டு வீடியோ எடுத்துப் பாத்தார். ரூல மீறற பேச்சு வரும்போதெல்லாம் சிரிப்பு விழுந்துச்சுன்னா, அந்தப் பசங்க பின்னாடி நெஜமாவே அதிகமா வம்புல போயிருக்காங்க. சிரிப்புதான் அங்க ட்ரெயினிங். ஆனா இத எந்த கீவேர்டு லிஸ்ட்ல போடுவீங்க?

மெசேஜ் படிக்கறேங்கறது அவனுக்கு எப்படித் தெரிஞ்சுச்சுன்னா, நானே உளறிட்டேன். சண்டையில "உங்க க்ரூப்ல நீங்க பேசறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா"ன்னு கேட்டுட்டேன். அவன் கத்தல, ஒண்ணும் பண்ணல. "லொகேஷன் மட்டும்னு சொன்ன"ன்னு ஒரு வரி சொல்லிட்டு உள்ள போய்ட்டான். அதுக்கப்புறம் அந்த க்ரூப்ல பேச்சே நின்னு போச்சு, வேற எங்கயோ வேற பேர்ல மாறிட்டாங்க. ஆப் எனக்கு வாராவாரம் அனுப்பற ரிப்போர்ட்ல "இந்த வாரம் அபாய எச்சரிக்கை: 0, வாழ்த்துகள்!"னு வர ஆரம்பிச்சுச்சு, பட்டாசு வெடிக்கற படத்தோட.

விழிப்புணர்வு வீடியோன்னு ஒரு பகுதி இருக்கு, பிள்ளைக்கு வாரம் ஒண்ணு அனுப்பும். ஆக்சிடெண்ட்டு, ஆஸ்பத்திரி, அழற அம்மா, பின்னாடி சோக மியூசிக். அவன் ஸ்பீட ரெண்டு மடங்கு ஆக்கி ஓட விட்டுட்டு டிக் வாங்கிக்குவான். பயமுறுத்துனா திருந்துவாங்கங்கறது பெரியவங்களோட ரொம்பப் பழைய நம்பிக்கை, அமெரிக்காவுல இத பெருசாவே செஞ்சு பாத்தாங்க, பசங்கள ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போய் கைதிங்கள விட்டு மெரட்ட வச்சாங்க. பின்னாடி ஒழுங்கா ரெண்டு க்ரூப்பா பிரிச்சு நடத்துன ஆய்வுகள எல்லாம் சேத்து வச்சுப் பாத்தா, ஜெயிலுக்குப் போய்ட்டு வந்த பசங்கதான் போகாத பசங்களவிட அதிகமா குத்தம் பண்ணியிருக்காங்க. ஆபத்து தெரியாததால பண்ணுனா வீடியோ போதும். எம் பையனே "தெரியும்மா"ன்னு சொன்னானே, தெரிஞ்சுதான் ஏறியிருக்கான்.

டிரைவிங் ரிப்போர்ட்டுன்னு ஒண்ணு. ஃபோன் வண்டியில போகும்போது ஸ்பீடு, திடீர் பிரேக் எல்லாம் கணக்கெடுக்கும். அவனுக்கு இன்னும் ஓட்டற வயசு ஆகல, அதனால இது என் காருல அவன் உக்காந்துட்டு வரும்போதெல்லாம் என் டிரைவிங்க அவன் டிரைவிங்னு நெனச்சு மார்க் போட்டுச்சு. "உங்கள் பிள்ளை இன்று 7 முறை திடீர் பிரேக் போட்டிருக்கிறார்." அத எங்க வீட்டுல சொல்லிச் சொல்லி சிரிச்சாங்க, ரொம்ப நாளைக்கு அப்புறம் பையனும் சிரிச்சான், அந்த அளவுக்கு இது உபயோகமா இருந்துச்சு.

ஆனா ஓட்டற வயசுப் பிள்ளைங்க இருக்கறவங்க கவனிங்க, இதுலயும் அதே ஓட்டைதான். ஸ்பீட சொல்லும், உள்ள எத்தனை பேர்னு சொல்லாது. 2000ல அமெரிக்க மருத்துவச் சங்கத்தோட ஜர்னல்ல வந்த கணக்கு ஒண்ணு, 16 வயசு டிரைவர் தனியா ஓட்டறதோட ஒப்பிட்டா, ஒருத்தர் ஏறுனா அந்த டிரைவர் சாகற வாய்ப்பு கிட்டத்தட்ட 1.4 மடங்கு, ரெண்டு பேருன்னா 1.9 மடங்கு, மூணு பேரும் அதுக்கு மேலயும்னா 2.8 மடங்கு. அதே ரோடு, அதே கார், அதே பிள்ளை. ஏறுற ஆள் வயசு மாறுனா கதையே தலைகீழ். அமெரிக்க ஆட்டோமொபைல் சங்கத்தோட போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு 2012ல போட்ட கணக்குல, 16, 17 வயசு டிரைவர் பக்கத்துல 35 வயசுக்கு மேல ஒருத்தர் உக்காந்திருந்தா சாவு வாய்ப்பு 62 சதவீதம் கம்மி. சில நாடுகள்ல புது லைசென்ஸ்காரங்க ஃப்ரெண்ட்ஸ ஏத்தக் கூடாதுன்னு ரூல் வச்சிருக்கறது இதனாலதான். நியூசிலாந்துல 1987லயே படிப்படியா லைசென்ஸ் கொடுக்கற முறையக் கொண்டு வந்துட்டாங்க. ஆப் கம்பெனிக்கு இத எழுதி அனுப்புனேன், ரிப்போர்ட்ல "கூட எத்தனை பேர்"னு பிள்ளையே போடற மாதிரி ஒரு கட்டம் வைங்கன்னு. "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்"னு பதில் வந்துச்சு, அதோட சரி.

இப்ப நல்லத சொல்றேன், இல்லன்னா 2 ஸ்டாரும் எதுக்குன்னு கேப்பீங்க.

செட்டிங்ஸ்ல எங்கயோ அடியில ஒரு பட்டன் இருக்கு, விளம்பரத்துல எங்கயுமே இத காட்டறதில்ல. பிள்ளை ஃபோன்ல அத அழுத்துனா நமக்கு சத்தமில்லாம லொகேஷன் வரும், ரெண்டு நிமிஷத்துல அவன் ஃபோனுக்கு நம்ம நம்பர்ல இருந்து கால் போற மாதிரி ஆப்பே ஒரு கால் அடிக்கும். அவன் எடுத்து "ஹலோ, என்னம்மா, இப்பவேயா, சரி வரேன்"னு நடிச்சுக்கலாம். மெசேஜ் சண்டைக்கு அப்புறம் நான் அவன உக்கார வச்சு மன்னிப்பு கேட்டேன், அவன் முன்னாடியே மெசேஜ், சைட் எல்லாத்தையும் ஆஃப் பண்ணுனேன், கடைசியா இந்த பட்டன காட்டுனேன். "நீ எங்க இருந்து அழுத்துனாலும் வருவேன், அன்னிக்கு ஒரு கேள்வி கேக்க மாட்டேன், என்னை எவ்ளோ மோசமான அம்மான்னு வேணா அவனுங்ககிட்ட சொல்லிக்கோ"ன்னேன். அவன் ஒண்ணும் சொல்லல. ரெண்டு மாசம் பட்டன் சும்மா கெடந்துச்சு.

அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் அடிச்சுச்சு. கட்டி முடிக்காத ஒரு பில்டிங் பக்கத்துல இருந்து. போயி கார நிறுத்துனேன், மூணு பசங்க கைப்பிடி இல்லாத படிக்கட்டுல மேல நிக்கறானுங்க, மேல இருந்து எதிர்ல இருக்கற ஷெட்டு கூரைக்குத் தாண்டறதுதான் அன்னிக்கு ப்ரோக்ராம் போல, இவன் கீழ வந்து கார்கிட்ட நிக்கறான். என்னைப் பாத்ததும் சத்தமா "ஏம்மா எப்பப் பாத்தாலும் இப்படி பண்ற"ன்னு கத்தறான். நானும் "ஏறுடா மொதல்ல, வீட்டுக்கு வா உனக்கு இருக்கு"ன்னு பதிலுக்குக் கத்தறேன். கண்ணாடி ஏத்துனதும் ரெண்டு பேரும் அமைதி. ஒரு சிக்னல் தாண்டி "தேங்க்ஸ்"ன்னான், ஜன்னல் பக்கமா பாத்துட்டே. கேள்வி கேக்க மாட்டேன்னு சொன்னதால நாக்கக் கடிச்சுட்டு ஓட்டுனேன், உண்மையா சொல்றேன் அது லேசுப்பட்ட விஷயமில்ல. மூணாவது நாள் ராத்திரி அவனா கிச்சனுக்கு வந்து மேடை மேல ஏறி உக்காந்துட்டு எல்லாத்தையும் சொன்னான். கூரைக்கும் படிக்கும் நடுவுல எவ்ளோ இடைவெளின்னு கையை விரிச்சுக் காட்டுனான். அந்தப் புள்ளி 11 மாசத்துல சொல்லாதத அந்த அரை மணி நேரத்துல தெரிஞ்சுக்கிட்டேன்.

வேணாம்னு நெனச்சாலும் வேணாம்னு சொல்ற ஆளா இருக்கறதுதான் அந்த வயசுல கஷ்டம் போல. அந்தப் பழிய நாம தூக்கிக்கிட்டா அவங்களுக்கு வெளிய வர ஒரு வழி கெடைக்குது. இந்த ஒரு பட்டனுக்கு மட்டும் தனியா ரேட்டிங் இருந்தா 5க்கு 5.

இதுக்கு நடுவுல காசில்லாம கெடைச்ச ஒரு வழியும் சொல்றேன், ஆப்புக்குச் சம்பந்தமில்ல. என் அக்கா பையனுக்கு 26. பசங்க நாலு பேரும் வெளிய போகும்போது ஒரு தடவை அவனையும் அனுப்பி வச்சேன், அறிவுரை எதுவும் சொல்லாதன்னு சொல்லித்தான் அனுப்புனேன். பசங்க அவன "அண்ணா அண்ணா"ன்னு ஒட்டிக்கிட்டாங்க, கூத்தடிச்சாங்க, ஆனா வரம்புக்குள்ள. 2016ல இதையும் பண்ணிப் பாத்திருக்காங்க, 18ல இருந்து 22 வயசுப் பசங்க க்ரூப்ல 25ல இருந்து 30க்குள்ள ஒரே ஒருத்தர சேத்துவிட்டா, அந்தப் பசங்க ஒவ்வொருத்தரும் தனித்தனியா இருக்கும்போது எவ்ளோ நிதானமா இருப்பாங்களோ, க்ரூப்பா இருக்கும்போதும் அந்த அளவுக்கு நிதானமா ஆகிடறாங்க. நாம போனா செட்டே கலைஞ்சுடும், அண்ணன் போனா கலையாது.

அந்த செட்ட விட்டு அவன பிரிச்சுடலாமான்னும் யோசிச்சேன், பொய் சொல்லல. ஆனா ஃப்ரெண்டுங்ககிட்ட இருந்து கெட்டது மட்டும்தான் தொத்தும்னு இல்ல. 2008ல லான்செட்ங்கற மருத்துவ ஜர்னல்ல வந்த ஒரு ஆய்வு, இங்கிலாந்து, வேல்ஸ்ல 59 ஸ்கூல்ல 12, 13 வயசுப் பிள்ளைங்ககிட்ட பண்ணுனது. பிள்ளைங்களே "எங்க செட்டுல இவங்க பேச்சுதான் எடுபடும்"னு கை காட்டுன பசங்களுக்கு மட்டும் ட்ரெயினிங் கொடுத்து, மேடை போட்டுப் பேச விடாம, சும்மா பேச்சுவாக்குல சிகரெட் வேணாம்னு பேச விட்டாங்க. அந்த ஸ்கூல்கள்ல சிகரெட்டுக்குப் போன பிள்ளைங்க கம்மியாகியிருக்காங்க. டீச்சர் தேர்ந்தெடுத்த லீடர் பசங்க இல்ல, பசங்களே தேர்ந்தெடுத்தவங்க, அதுல கொஞ்சம் சேட்டைக்காரங்களும் இருந்திருப்பாங்கன்னு வச்சுக்கோங்க.

பொண்ணுக்கு 12. அவளுக்கும் இந்த ஆப் போடுவீங்களான்னு கேட்டா, பட்டன் மட்டும். லண்டன் சயின்ஸ் மியூசியத்துல 500 பேருக்கு மேல வச்சு ஒரு ஆராய்ச்சி, 2015ல வந்தது. ஒரு விஷயம் எவ்ளோ ஆபத்துன்னு மார்க் போடச் சொல்லிட்டு, மத்தவங்க போட்ட மார்க்க காட்டிட்டு, திரும்பப் போடச் சொன்னாங்க. எல்லா வயசுலயும் மாத்திக்கறாங்க, ஆனா பெரியவங்க போட்ட மார்க்கவிட டீன் ஏஜ் பசங்க போட்ட மார்க்குக்கு அதிகமா மாறுனது 12ல இருந்து 14 வயசு க்ரூப் மட்டும்தான். அதனால அவளுக்கு இப்பவே வாயால பேசி வைக்கறேன், யாரு யாரு உன் செட்டுன்னு. இன்னும் அவ "சும்மா" சொல்ல ஆரம்பிக்கல.

கஸ்டமர் சப்போர்ட் பத்தி. சாட்ல ரோபோதான் வரும், மனுஷன் வர ரெண்டு நாள் ஆகும். கேன்சல் பண்ற பட்டன் அந்த நல்ல பட்டனவிட ஆழத்துல இருக்கு. ட்ரையல் முடியற அன்னிக்கு வருஷ சந்தாவா எடுத்துக்கும், தேதிய குறிச்சு வச்சுக்கோங்க.

ரிவ்யூ எழுதலாம்னு உக்காந்தப்ப நான் போட நெனச்சது 2.5. போன வாரம் பையன் வந்து கேட்டான், "அம்மா, அந்த பட்டன அவன் ஃபோன்லயும் போட முடியுமா?" யாருக்குடான்னா, காலர் எலும்பு முறிஞ்ச பையனுக்கு. அவன் வீட்டுல சொல்ல முடியாதாம், அதனால அவன் அழுத்துனா என் ஃபோனுக்கு வரணுமாம், நான் போயி அவனையும் திட்டி ஏத்திட்டு வரணுமாம். சரி நல்ல விஷயம்தானேன்னு சப்போர்ட்டுக்கு எழுதுனேன், ஒரு ஆள சேக்கறதுக்குத் தனியா காசு வேணும்னாலும் கட்டறேன்னு. ரெண்டு நாள் கழிச்சு பதில்: "இந்த வசதி குடும்ப உறுப்பினர்களுக்கு மட்டும்." அந்த அரைய அப்பதான் குறைச்சேன். இப்போதைக்கு அந்தப் பையன் எம் பையனுக்கு வெறும் ஒரு முற்றுப்புள்ளிய மெசேஜா அனுப்புவான், எம் பையன் பட்டன அழுத்துவான், நான் கார் சாவிய எடுத்துட்டுக் கெளம்புவேன், இதுவரைக்கும் ஒரு தடவை ஆச்சு.